கோகோ டப்பாவில் பெயின்டுக்கு அடியில் துரு, படம் போகாமல் காப்பாற்ற வழி சொல்லுங்க

ஏற்காட்டுப் பையன்:
வணக்கங்க. நாகலூர்ப் பக்கம் தாத்தா வேலை பார்த்த எஸ்டேட் பங்களாவைக் காலி பண்ணும்போது சாமான் அறையில ரெண்டு தகர டப்பா கிடைச்சுது. ஒண்ணு கேட்பரி போர்ன்வில் கோகோ, அரை பவுண்டு, ‘மேட் இன் இங்கிலாந்து’. இன்னொண்ணு சதுர டீ டப்பா. சுத்திலும் பூக்கொடி, மூடியில யானை ஊர்வலம், கம்பெனி பேர் தேஞ்சு போச்சு.

கோகோ டப்பாவோட அடி ஓரத்துல துரு. பெயின்ட் கொப்புளமா உப்பியிருக்கு, நகம் பட்டாலே உதிருது. மூடியும் கழலலை. மழைக்காலத்துல இங்க சுவரே வேர்த்துக் கொட்டும், அதுக்குள்ள ஏதாவது செய்யணும். புளி போட்டுத் தேய்னு அம்மா சொல்றாங்க. செய்யலாமா? எந்தக் காலத்து டப்பான்னும் தெரிஞ்சுக்க ஆசை.

செவ்வாய்ப்பேட்டை சேகரிப்பாளர்:
தம்பி, புளியைக் கிட்டக்கூட கொண்டு போகாதீங்க. பித்தளை அண்டாவுக்கு அது சரி. இந்தப் படம் அச்சு மையும் வார்னிஷும்தான், காகிதத்தை விட மெல்லிசு. கல்லுல வரைஞ்ச படத்தை ஒரு உருளைக்கு மாத்தி, அதுல இருந்து தகரத்துல பதிக்கிற முறைக்கு 1875-ல இங்கிலாந்துல ராபர்ட் பார்க்லே காப்புரிமை வாங்கினார். அழகழகான டப்பாக்கள் பெருகினது அதுக்கப்புறம்தான். அந்தப் படலம் போச்சுன்னா திரும்ப வராது.

சுத்தம் பண்ண, காது குடையுற பஞ்சுக் குச்சியை வெறும் தண்ணியில நனைச்சு, நல்லாப் பிழிஞ்சு, கண்ணுக்குப் படாத ஒரு ஓரத்துல ஒத்திப் பாருங்க. பஞ்சுல நிறம் ஏறுச்சுன்னா அத்தோட நிறுத்திடுங்க. ஏறலைன்னா கொஞ்சம் கொஞ்சமா ஒத்தி, அப்பப்பவே துடைச்சுக் காய விடணும். கொப்புளத்தை உடைக்காதீங்க.

லேத் பட்டறை அண்ணன்:
துரு ஏன் பரவுதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. இது இரும்புத் தகடு, மேல வெள்ளீயப் பூச்சு. துத்தநாகம் பூசின வாளியில கீறல் விழுந்தா துத்தநாகம் முதல்ல கரைஞ்சு இரும்பைக் காப்பாத்தும். வெள்ளீயம் நேர் எதிர். ஒரு கீறல் விழுந்து ஈரமும் சேர்ந்தா இரும்புதான் வேகமா அரிக்கும். அதான் ஒரு புள்ளியில ஆரம்பிச்சு பெயின்டுக்கு அடியிலேயே ஊர்ந்து போகுது.

அதனால ஈரத்தை நிறுத்துறதுதான் வைத்தியம். பெயின்ட் இல்லாத அடிப்பகுதியில மட்டும் ரொம்ப மெல்லிசான எஃகு நாரை லேசா ஓட்டி, காஞ்ச துணியால துடைச்சு, மைக்ரோகிரிஸ்டலைன் வாக்ஸ் (பழம்பொருளுக்கு ஈரம் படாம பூசுற நைசான மெழுகு) ஒரு கை பூசி வைங்க. படம் கெட்டியா இருக்கிற இடத்துலயும் அதையே பூசலாம். கார் பாலிஷ் வேண்டாங்க, தேய்க்கிற துகள் கலந்திருக்கும்.

மூடிக்கு ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பாதீங்க. இடுக்குல தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஊசி முனையால. பெயின்டுல பட்டதை உடனே ஒத்தி எடுத்துடுங்க. ஒரு ராத்திரி விட்டு, மூங்கில் சீவலை ஒரே இடத்துல அழுத்தாம சுத்திச் சுத்தி நகர்த்திக் கொடுத்தா இளகும்.

ஏற்காட்டுப் பையன்:
ரொம்ப நன்றிங்கண்ணா. மூடி வந்துடுச்சு! உள்ள இன்னும் கோகோ வாசனை. அலமாரியில பேப்பர் விரிச்சு வைக்கலாமா? அம்மா டீத்தூள் போடலாமான்னு கேக்கறாங்க.

செவ்வாய்ப்பேட்டை சேகரிப்பாளர்:
நியூஸ்பேப்பர் வேண்டாம், ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், புளிப்புத்தன்மையும் உண்டு. வெளிச்சுவர் ஒட்டின அலமாரியும் வேண்டாம். உள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மூடியை இறுக்காம வைங்க. மாசம் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. டீத்தூள் வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்து மூட்டுப் பற்றவைப்பில் காரீயம் இருக்கும்.

காலத்துக்கு வருவோம். போர்ன்வில் தொழிற்சாலை 1879-ல ஆரம்பிச்சது, அதுக்கு முந்தி இருக்க முடியாது. டீ டப்பாவுல விலை போட்டிருக்கா பாருங்க. அணாக் கணக்குன்னா 1957 ஏப்ரலுக்கு முந்தினது. ‘நயா பைசா’ன்னா அதுக்குப் பிந்தி, 1964-க்குள்ள. விலாசத்துல ஆறு இலக்கப் பின்கோடு இருந்தா 1972-க்கு அப்புறம். எதிர் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா தேஞ்ச எழுத்தும் கொஞ்சம் தெரியும்.

ஏற்காட்டுப் பையன்:
சாய்ச்சுப் பார்த்தேங்க. பின்கோடு இல்லை. கம்பெனி பேர்ல ஒரு எழுத்துகூடப் பிடிபடலை, ஆனா ‘கல்கத்தா’வும், மூடி விளிம்புல ‘8 அணா’வும் தெளிவாத் தெரியுது. போட்டோ எடுத்துப் போடறேன், யானை ஊர்வலத்தை வேற எங்கயாவது பார்த்தவங்க இருந்தா சொல்லுங்க.