புதுப்பிப்பு: மாருதி 800 பின்பக்க நசுங்கல், தட்டியே எடுத்தாச்சு

போன மாசம் கேட்டிருந்தேனே, கேட் தூணில் இடித்து இடது பின் சக்கரத்துக்கு மேலே நசுங்கிய 2006 மாடல் 800, பேனலை (அந்தப் பக்கத் தகட்டை) வெட்டி மாற்றுவதா, தட்டி எடுப்பதா என்று. வெட்டவில்லை. அப்பா வாங்கிய வண்டி, ஒரிஜினல் வெல்டைக் கலைக்க மனசு வரவில்லை.

டிங்கரிங் அண்ணன் டிக்கி டிரிம்மை (உள்பக்க மூடியை) கழற்றிப் பார்த்தார். உள்ளே கை நுழையவில்லை. பெயிண்ட்டைச் சுரண்டி, தகட்டில் வரிசையாக வாஷர்களை வெல்டு வைத்து, ஸ்லைடு ஹேமரால் (கம்பியில் சறுக்கும் எடையால் வெளியே இழுக்கும் கருவி) ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். எடுத்ததுமே நடுவை இழுத்தால் தகடு நீண்டு உப்பிவிடுமாம். ஒவ்வொரு இழுப்புக்கும் கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்த்ததை மறக்கவே முடியாது. மிச்சப் பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி 2 மி.மீ.க்குள்தான். பட்டி தடிமனாக இருந்தால் காந்தம் சரியாக ஒட்டாது; இதில் நன்றாக ஒட்டுகிறது, நானே வைத்துப் பார்த்தேன்.

சக்கர வளைவு ஓரத்தில் துரு இருந்தது; அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் புதுத் தகடு வைத்தோம். முதலில் காட்டிய கடையில் துருவின் மேலேயே பட்டி அப்பித் தருவதாகச் சொன்னார்கள். தயவுசெய்து யாரும் சம்மதிக்காதீர்கள், அடியில் துரு ஓடிக்கொண்டே இருக்கும்.

வெயிலில் கலர் கொஞ்சம் தனித்துத் தெரிகிறது. பரவாயில்லை. மழை முடிந்ததும் டிக்கியில் விரித்திருக்கும் மேட்டைத் தூக்கி, ஈரம் இருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.