34 வயதில் கம்யூனிட்டி காலேஜ்: வகுப்பில் பேச வரவில்லை

கேள்வி:
கிரீன் கார்டில் கலிபோர்னியா வந்து, இந்த செமஸ்டரில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) சேர்ந்தேன். கணக்கு பரவாயில்லை, ஆங்கிலக் கட்டுரை வகுப்புதான் பயம். ஊரில் பாடத்தில் உள்ளதை எழுதினால் போதும். இங்கே "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்கிறார்கள். பாதி வயதுப் பிள்ளைகள் சரளமாகப் பேசும்போது நான் குனிந்துகொள்கிறேன். இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது?

பதில்:
தாண்டி வந்தவள்தான் அக்கா. பேராசிரியரின் ஆபீஸ் ஹவர்ஸுக்கு (மாணவர்களைத் தனியாகச் சந்திக்க அவர் ஒதுக்கும் நேரம்) போங்கள். தவறு செய்தவர்கள் மட்டும் போகும் இடம் அல்ல அது. கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை எடுத்துப்போய் "இந்த வாதம் நிற்கிறதா?" என்று கேளுங்கள். அங்கே தனியாகப் பேசிப் பழகிய பிறகுதான் எனக்கு வகுப்பில் கை தூக்கத் துணிவு வந்தது. உங்கள் வயது குறையே இல்லை, வேலை பார்த்த அனுபவத்தை எழுதுங்கள்.

பதில்:
அப்புறம், காலேஜில் படிப்பு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரை இப்போதே பாருங்கள். கம்யூனிட்டி காலேஜிலிருந்து கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு (யுசி) மாறிப் படிக்க, டேவிஸ், இர்வைன் உட்பட அதன் 6 வளாகங்களில் இட உத்தரவாதம் தரும் 'டேக்' (TAG) திட்டம் உண்டு. பெர்க்லி வளாகமும் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யுசிஎல்ஏவும் அதில் கிடையாது. விண்ணப்பம் செப்டம்பரில்.

கேள்வி கேட்டவர்:
நன்றி தங்கச்சி. வியாழக்கிழமை ஆபீஸ் ஹவர்ஸ் இருக்கிறது, முன்னுரைப் பத்தியோடு போகிறேன்.