போட்டி கேமிங்குக்குக் குறைந்த பட்ஜெட் மானிட்டர்: 180 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ்ஸா, 240 ஹெர்ட்ஸ் விஏவா?

வணக்கம். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆட 24 அங்குல 1080பி மானிட்டர் தேடுகிறேன். பிசி சராசரியாக 200 எஃப்பிஎஸ் (நொடிக்கு 200 ஃபிரேம்) தருகிறது. புகைக்குண்டு, கூட்டச் சண்டை என்றால் 150க்கு இறங்கும்.

60 ஹெர்ட்ஸில், அதாவது திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும்போது, ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும். 144இல் 6.9, 180இல் 5.6, 240இல் 4.2. ஆக, 180இலிருந்து 240க்குப் போனால் மிச்சமாவது 1.4 மில்லிசெகண்ட்தான். அதற்காக ஐபிஎஸ்ஸை விட்டு விஏ பேனலை ஏற்கலாமா (இரண்டும் எல்சிடி திரை வகைகள்) என்பதே என் குழப்பம். விஏவில் கருமையான நிறங்கள் மெதுவாக மாறும். இருட்டு மூலையில் நகரும் ஆளுக்குப் பின்னால் கறைபோல இழுக்கும். பெட்டியில் போட்டிருக்கும் '1 மில்லிசெகண்ட்' கணக்கை வைத்து முடிவெடுக்க முடியாது. பல மாடல்களில் அது பேக்லைட்டை மின்னவிட்டு எடுத்த எம்பிஆர்டி (நகரும் உருவம் எவ்வளவு மங்குகிறது என்ற) அளவு, அல்லது ஓவர்டிரைவை (பிக்சலை வேகமாக மாறவைக்கும் அமைப்பு) உச்சத்தில் வைத்து எடுத்த ஜிடிஜி (பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம்). உச்சத்தில் வைத்தால் உருவத்தைச் சுற்றி வெளிறிய நிழல் வரும்.

இந்த ரகம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: விஆர்ஆர் (எஃப்பிஎஸ்ஸுக்கு ஏற்பத் திரையின் ஹெர்ட்ஸை மாற்றும் வசதி) போட்டு 150 எஃப்பிஎஸ்ஸில் ஆடும்போது, நடுத்தர ஓவர்டிரைவிலும் அந்த நிழல் தெரிகிறதா? எச்டிஎம்ஐயில் முழு ஹெர்ட்ஸ் வருகிறதா, டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டுமா? ஸ்டாண்டின் உயரத்தை மாற்ற முடியாவிட்டால் வேறு ஸ்டாண்ட் மாட்டப் பின்பக்கம் வெசா துளைகளாவது உண்டா? மாடல் பெயரோடு சொன்னால் பெரிய உதவி.