கர்ப்ப காலத்தில் தைராய்டு: உங்கள் அனுபவம்

முதல் செக்கப்பிலேயே எனக்கு டி.எஸ்.ஹெச். (தைராய்டு குறைவாகச் சுரந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன், அதிகமாகச் சுரந்தால் இறங்கும்) 7.8. அதுவரை தைராய்டு இருப்பதே தெரியாது. அசதியெல்லாம் மசக்கை என்று நினைத்திருந்தேன். டாக்டர் அன்றே தைராக்ஸின் எழுதினார். அத்தைக்குத்தான் பயம், "தலைப்பிரசவம், மாத்திரை சூடு, குழந்தைக்கு ஆகாது" என்று. டாக்டர் அவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார். முதல் சில மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயிடமிருந்து போகும் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். உடம்பு தானே சுரக்க வேண்டியதைத்தான் மாத்திரையாகக் கொடுக்கிறோம் என்றார். அப்புறம் தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்ததே அத்தைதான்! நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. 2.5க்குக் கீழே வந்தபிறகுதான் எனக்கு நிம்மதி.

— கோவை உறுப்பினர்

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், நாள் தள்ளிப்போனதுமே டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் டோஸைக் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டிவரும். என் தங்கைக்குக் கூட்டியும் ஐந்தாம் மாதம் டி.எஸ்.ஹெச். ஏறிவிட்டது. விசாரித்தால், காலை டிபன் முடிந்த கையோடு இரும்புச்சத்து மாத்திரை போட்டிருக்கிறாள். இரும்பும் கால்சியமும் தைராக்ஸினை உடம்பில் சேரவிடாது, 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். மாத்திரை கொடுக்கும்போதே யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டாமா? இரும்பை மதியத்துக்கும் கால்சியத்தை ராத்திரிக்கும் மாற்றினாள், அடுத்த ரிப்போர்ட் சரியாக வந்தது.

— மதுரை உறுப்பினர்

எனக்கு நேர்மாறு. மூன்றாம் மாதம் ஓயாத வாந்தி, டி.எஸ்.ஹெச். 0.05. ஹைப்பர், அதாவது தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று லேபில் சொன்னதும் அழுதுவிட்டேன். டாக்டர் கழுத்தையும் கண்ணையும் பார்த்தார், கிரேவ்ஸ் நோய்க்கான (உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டை அதிகம் சுரக்கவைக்கும் நோய்) ஆன்டிபாடி டெஸ்ட்டும் எடுத்தார், நெகட்டிவ். கர்ப்பத்தில் ஏறும் ஹெச்.சி.ஜி. ஹார்மோன் தைராய்டையும் தூண்டிவிடுமாம். தைராய்டுக்கு மருந்தே தரவில்லை, வாந்திக்கு மட்டும் டிரிப்ஸ். ஐந்தாம் மாதத்துக்குள் தைராய்டு அளவு தானாக இறங்கியது. கிரேவ்ஸ் என்றால் கதை வேறு, பெரும்பாலும் மருந்து வேண்டியிருக்கும். அதனால் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

— திருச்சி உறுப்பினர்

மதுரை தோழிக்கு: பிரசவம் ஆனதும் தங்கையின் டோஸைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பழைய அளவுக்கே குறைப்பார்கள், ஆறு வாரத்தில் மறுபடி டெஸ்ட். தாய்ப்பால் கொடுக்கும்போதும் மாத்திரையைத் தொடரலாம். பிறந்த குழந்தைக்கும் குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என் மகனுக்குப் பார்த்தோம், நார்மல்.

— கோவை உறுப்பினர்