அம்பாசடர் எஞ்சினில் 60 போர் போட்டால் 20 குதிரை கூடுமா?

மன்னை அம்பாசடர்:
நேற்று குடந்தைக்காரன் இங்கே எழுதியது இது: "பழைய பெட்ரோல் அம்பாசடரில் சிலிண்டர் துளையைக் கடைந்து 60 ஓவர்சைஸ் போர் போட்டு பிஸ்டன் மாற்றினால், 30 ஆயிரம் செலவில் 20 குதிரை சக்தி கூடும்." இதைப் படித்த ஒரு தம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் பிளாக்கை லேத்துக்குத் தூக்கிப் போகப் போவதாக எனக்குப் போன் செய்தார். வயிறு எரிந்தது.

கணக்கைப் பாருங்கள். ஸ்டாண்டர்டு போர், அதாவது துளையின் விட்டம், 73.025 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 88.9. நாலு சிலிண்டருக்கும் சேர்த்து 1489 சிசி. 60 சைஸ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு, ஒன்றரை மில்லிமீட்டர்தான். போட்டால் 1552 சிசி ஆகும். கூடுவது 63 சிசி, நூற்றுக்கு நாலு. 50 குதிரை எஞ்சினில் அது இரண்டு குதிரை. மீதி 18 எங்கே?

குடந்தைக்காரன்:
கணக்கு நோட்டில் வண்டி ஓடாது அண்ணே. 60 போட்ட என் வண்டி தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வரை ஐந்து ஆற்றுப் பாலத்தையும் டாப் கியரிலேயே ஏறுகிறது. போர் போடுவதற்கு முன்னால் வெண்ணாற்றுப் பாலத்திலேயே தேர்டு கியர் போட வேண்டியிருந்தது. இது என் கண்ணால் பார்த்தது.

மன்னை அம்பாசடர்:
தம்பி, உங்கள் பழைய பிஸ்டன் ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் போயிருந்தது. புது பிஸ்டன், புது ரிங் போட்டதும் தொலைந்துபோன பவர் திரும்பி வந்திருக்கிறது. 20 சைஸ் போட்டிருந்தாலும் அதே பாலம் ஏறியிருக்கும். 63 சிசிக்கு அந்தப் பெருமையைக் கொடுக்காதீர்கள்.

நான் சொல்வது ஹெட் வேலை, சிலிண்டருக்கு மேலே வால்வு உட்காரும் மூடியில் காற்று வழியைச் சரிசெய்வது. இங்கிலாந்தில் 1955-இல் வந்த எம்ஜிஏ காரில் இருந்ததும் இதே குடும்பத்து பி சீரிஸ் எஞ்சின், அதே 1489 சிசி. அது முதலில் 68, அப்புறம் 72 குதிரை கொடுத்தது. போர் ஒரு நூல்கூடப் பெரிதில்லை. இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், கூடுதல் கம்ப்ரஷன், நன்றாக மூச்சு விடும் ஹெட், இவைதான் வித்தியாசம். நம் ஹெட்டில் இன்லெட் துவாரம் இரண்டே இரண்டு, ஒவ்வொன்றையும் இரண்டு சிலிண்டர் பங்கு போட்டுக்கொள்கிறது. மூக்கை அடைத்துவிட்டு வயிற்றைப் பெரிதாக்கி என்ன பயன்?

என் வண்டியில் வால்வு கைடு பக்கம் இருந்த மேட்டைத் தேய்த்து, மேனிஃபோல்டு வாயையும் கேஸ்கெட்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தி, வால்வு சீட்டை மூன்று கோணத்தில் வெட்டினோம். கம்ப்ரஷன் கூட ஹெட்டின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் ஷேவ் செய்தோம். ஷேவ் செய்தால் ஹெட் கீழே இறங்கும், வால்வை இயக்கும் புஷ்ராடு அந்த அளவுக்கு நீளம் அதிகமாகிவிடும், ராக்கர் பீடத்துக்குக் கீழே ஷிம் தகடு வைக்க வேண்டும். இதை மறந்தவர்கள்தான் "ஹெட் வேலை செய்து வண்டி கெட்டது" என்று புலம்புகிறார்கள். எனக்கு மொத்தம் 17 ஆயிரம் ஆனது.

மாயவரம் பியட்:
இரண்டு பேரும் சண்டை போடும் பணத்தில் ஒரு பியட் பத்மினி கார் வாங்கலாம். 1089 சிசிதான், ஆனால் எடை குறைவு, திருப்பினால் திரும்பும்.

மன்னை அம்பாசடர்:
பத்மினியில் ஆறு பேரையும் இரண்டு மூட்டை நெல்லையும் ஏற்றிக்கொண்டு வந்து பேசுங்கள்.

குடந்தைக்காரன்:
அண்ணன் எம்ஜிஏ கதை சொன்னார், பாதியில் நிறுத்திவிட்டார். அந்தக் கம்பெனியே 1959-இல் போரைப் பெரிதாக்கி 1588 சிசி ஆக்கியது. 72 குதிரை 79.5 ஆனது. போர் வீண் என்றால் அவர்கள் ஏன் செய்தார்கள்?

வெண்ணாற்றங்கரை:
நல்ல கேள்வி. 99 சிசிக்கு ஏழரை குதிரை. அப்படியென்றால் 63 சிசிக்கு கிட்டத்தட்ட ஐந்து குதிரை வரும்.

குடந்தைக்காரன்:
பாருங்கள், கூடுகிறது! இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

மன்னை அம்பாசடர்:
முதலில் நீங்கள் சொன்னது 20. ஐந்து அல்ல. மேலே எழுதியிருக்கிறது, ஏறிப் பாருங்கள். அந்தக் கம்பெனி பெரிய போருக்கென்றே பிளாக் வார்த்தது. நீங்கள் துருப்பிடித்த பழைய பிளாக்கில் சுவரைச் சுரண்டுகிறீர்கள். சுவர் மெலிந்தால் சூடு ஏறும். சித்திரை வெயிலில் நாகப்பட்டினம் ரோட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து நின்றவர்களைக் கேளுங்கள். இன்று 60 போட்டால் அடுத்த தடவை துளைக்குள் ஸ்லீவ் என்ற உள்குழாய் அடிப்பதைத் தவிர வழியில்லை. இரண்டு குதிரைக்கு ஒரு பிளாக்கின் ஆயுள்!

பட்டறைப் பிள்ளை:
20 சைஸில் சிலிண்டர் சுத்தமாகிவிட்டால் 20 சைஸோடு நிறுத்த வேண்டும். அடுத்த ரீபோருக்கு இடம் இருக்கும். ஹெட்டைக் கழற்றும்போது எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைக் கடினமான உலோகத்தில் மாற்றிவிடுங்கள். 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனதிலிருந்து பழைய வார்ப்பிரும்பு சீட் உள்ளே உட்கார்ந்துபோகிறது. இப்போது 20 சதவீதம் எத்தனால் வேறு. ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

வெண்ணாற்றங்கரை:
எத்தனால் வந்த பிறகு என் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆவதே பாடாக இருக்கிறது. இசுசு 1817 சிசி எஞ்சினைத் தூக்கி வைத்தால் எல்லாப் பேச்சும் முடிந்துவிடும்.

மன்னை அம்பாசடர்:
எஞ்சினை மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்சியில் பதிய வேண்டும். அதற்கு அலைந்த அலைச்சலை நான் அறிவேன். இது வேறு பேச்சு. நான் கேட்டது ஒன்றுதான். 63 சிசியில் 20 குதிரை எப்படி வரும்?

குடந்தைக்காரன்:
உங்களுக்கு என் போர் பிரச்சினை இல்லை அண்ணே. போன வருடம் நான் விற்ற கிராங்க் ஷாஃப்டை மன்னார்குடிக்குக் கொடுக்காமல் காரைக்காலுக்குக் கொடுத்தது பிரச்சினை.

மன்னை அம்பாசடர்:
முன்பணம் வாங்கிவிட்டுக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பணம் பங்குனியில்தான் வந்தது. ஆனால் அதற்கும் 63 சிசிக்கும் சம்பந்தமில்லை.

மாயவரம் பியட்:
முன்பணம் வாங்கியது தெரியாதே!

குடந்தைக்காரன்:
பணம் திருப்பிக் கொடுத்தாயிற்று. கும்பகோணத்து லேத் வேலைக்கு இணையாக மன்னையில் ஒரு பட்டறை காட்டுங்கள், அப்புறம் பேசுவோம்.

பட்டறைப் பிள்ளை:
போர் போட்ட பிறகு ஹோனிங், அதாவது சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்ப்பது, சரியாகச் செய்தார்களா, அதைச் சொல்லுங்கள். குறுக்குக் கோடு இல்லாமல் வழுவழுவென்று விட்டால் ரிங் உட்காராது, எண்ணெய் குடிக்கும்.

குடந்தைக்காரன்:
என் வண்டி எண்ணெய் குடிப்பதில்லை.

மன்னை அம்பாசடர்:
குடிக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. கம்ப்ரஷன் கேஜ் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை திருவையாறு வாருங்கள், நான் என் ஸ்டாண்டர்டு போர் வண்டியைக் கொண்டுவருகிறேன். இரண்டிலும் நாலு நாலு பேர் ஏறட்டும். ஐந்து பாலம், டாப் கியர்.

குடந்தைக்காரன்:
ஞாயிறு எனக்குக் கல்யாணம் இருக்கிறது. வண்டி ஏறுகிறது, அவ்வளவுதான்.

மன்னை அம்பாசடர்:
அப்படியானால் அடுத்த ஞாயிறு. 63 சிசி, தம்பி. 63.