ஏற்றத்தில் திடீரென்று லிம்ப் மோடு: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

உசிலம்பட்டிக்காரன்:
தேனி ரோடு, ஆண்டிபட்டி கணவாய். கரும்பு டிராக்டரை முந்திக்கொண்டிருந்தேன். பாதி தாண்டியாச்சு, எதிரே பஸ் வருகிறது, அந்த நேரம் பார்த்து வண்டி இழுவையை விட்டுவிட்டது. ஆக்சிலரேட்டரை அடி வரை மிதித்தும் ஆர்பிஎம் முள் ஏறவே இல்லை. டாஷ்போர்டில் மஞ்சள் லைட். கோளாறு என்று கண்டால் கம்ப்யூட்டரே பவரைக் குறைத்துவிடும் லிம்ப் மோடு. டிராக்டர் ஓட்டியவர் என்ன புரிந்துகொண்டாரோ, பிரேக் போட்டு இடம் விட்டார். பின் சீட்டில் அம்மாவும் அக்கா பிள்ளைகளும். அந்த பஸ் ஹாரன் இன்னும் காதில் கேட்கிறது.

ஓரங்கட்டி, ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. மதுரையில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்தார்கள். எரர் பி0299, அதாவது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் பிரஷர் குறைவு. எரரை அழித்துவிட்டு, "டர்போ மாத்தணும் சார்" என்று எஸ்டிமேட்டை நீட்டினார்கள். டீசல் வண்டி, சமதரையில் ஒரு குறையும் இல்லை. ஏற்றம், ஆள் லோடு, ஏசி மூன்றும் சேர்ந்தால்தான் வருகிறது. டர்போ போயிருந்தால் மற்ற நேரம் எப்படி இழுக்கும்? மனசு கேட்கவில்லை.

நத்தம் ரோடு:
எனக்கு நத்தம் பறக்கும் பாலத்தில், பெட்ரோல் வண்டியில். 7.3 கிலோமீட்டர் பாலம், நடுவில் வைத்து லிம்ப் மோடு. பின்னால் வருகிறவர்கள் எல்லாம் லைட் அடிக்கிறார்கள், ஒதுங்க இடமில்லை. எரர் பி2135. என்ஜினுக்குப் போகிற காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பாடியில் இரண்டு சென்சார் உண்டு. இரண்டும் ஒரே கணக்கைச் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் எதையும் நம்பாமல் பவரைக் குறைத்துவிடும். த்ராட்டில் பாடியையே மாற்றச் சொன்னார்கள். சிம்மக்கல் பக்கம் வயசான எலக்ட்ரீஷியன் ஒருவர் ஒயர் கட்டைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் எலி கடித்து இரண்டு ஒயரில் செம்பு பளபளவென்று தெரிந்தது. என்ஜின் குலுங்கும்போது மட்டும் ஒன்றோடொன்று உரசியிருக்கிறது. உங்களுக்கும் எலிதான் அண்ணே, பானெட்டைத் திறந்து பாருங்கள்.

பட்டறை வாசி:
எதற்கெடுத்தாலும் எலி என்றால் எப்படித் தம்பி? அவருக்கு வந்திருப்பது 0299. ஒயர் கடிபட்டிருந்தால் கீழமாசி வீதி நெரிசலில் நிற்கும்போதும் வந்திருக்கும்.

என் கதை சின்னது. மே மாத வெயிலில் கப்பலூர் டோல்கேட் வரிசையில் வண்டி அணைந்துபோனது. செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. ஆறவிட்டதும் பிடித்துக்கொண்டது. பி0335, என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். சூடேறினால் சாகும், ஆறினால் உயிர் வரும். மாற்றினேன், முடிந்தது.

இப்போது உசிலம்பட்டிக்காரருக்கு. இனிமேல் யாரையும் எரரை அழிக்க விடாதீர்கள். அது பதிவாகும் நொடியில் ஆர்பிஎம், வேகம், என்ஜின் லோடு, கூலன்ட் சூடு எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் சேர்த்து எழுதி வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். எரரை அழித்தால் அதுவும் போய்விடும். வந்து வந்து போகிற கோளாறுக்கு அதை விட்டால் வேறு சாட்சி கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி வையுங்கள். பக்கத்து சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, ஏற்றத்தில் லைவ் டேட்டாவைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்க வேண்டாம், ரோட்டைப் பாருங்கள். கம்ப்யூட்டர் கேட்கிற பிரஷர் ஒன்று, கிடைக்கிற பிரஷர் ஒன்று. இரண்டும் எங்கே பிரிகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 0299 என்றால் டர்போ செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, கேட்ட காற்று வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம். ஹோஸ் வெடித்திருக்கலாம், கிளாம்ப் லூஸாக இருக்கலாம், வேக்கம் டியூபில் ஓட்டை இருக்கலாம், டர்போவைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம். இத்தனையும் பார்த்த பிறகுதான் டர்போவில் கை வைக்க வேண்டும்.

நத்தம் ரோடு:
அண்ணே, ஏற்றத்தில் மிதிக்கும்போதுதான் என்ஜின் மவுண்ட்டில் நன்றாகச் சாயும். ஒயர் உரசுவதும் அப்போதுதான். எலியை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். சோலினாய்டுக்குப் போகிற ஒயரைக் கடித்திருந்தால் இதே 0299 வரலாம்.

தெப்பக்குளம்:
2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகை விதி) டீசல் என்றால் டிபிஎஃப்பையும் பாருங்கள், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் அது. என்னுடையது வீடு, கீழவாசல் கடை, மறுபடி வீடு என்றே ஓடும் வண்டி. ஃபில்டரில் சேர்கிற புகைக்கரி எரிய நிற்காத ஓட்டம் வேண்டும், இங்கே எங்கே கிடைக்கிறது? சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் லைட் எரிந்து, வீடு வரை ஊர்ந்துதான் வந்தேன். ஹைவேயில் ஒரு மிதி மிதித்தால் சரியாகிவிடும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். லிம்ப் மோடுக்குப் போன பிறகு பல வண்டிகளில் கம்ப்யூட்டர் கரியைத் தானாக எரிக்காது. ஸ்கேனர் போட்டுத்தான் எரிக்க வைக்க வேண்டும்.

உசிலம்பட்டிக்காரன்:
என்னுடையது பிஎஸ்4, டிபிஎஃப் இல்லை. ஆனால் விஷயம் கிடைத்துவிட்டது. ஊரிலேயே தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டினேன். டர்போவிலிருந்து, காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்குப் போகிற ஹோஸைக் கழற்றி வளைத்தார். அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு. சும்மா இருக்கும்போது ஒட்டி மூடிக்கொள்கிறது, வளைத்தால் வாய் திறக்கிறது. சுற்றிலும் எண்ணெய் கசிந்து புழுதி கட்டியிருந்தது. முழு பிரஷர் ஏறினால்தான் திறந்திருக்கிறது, அது ஏற்றத்தில்தானே நடக்கும். பட்டறை வாசி அண்ணனுக்கு நன்றி. எலி கடித்த தடம் எதுவும் இல்லை தம்பி, நன்றாகத் தேடிப் பார்த்தோம்.

மேலூர்:
எரரை அழிப்பது பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். மச்சானுக்குப் பழைய கார் பார்க்க மாட்டுத்தாவணி பக்கம் ஒருவர் வீட்டுக்குப் போனோம். ஸ்கேனர் மாட்டினேன், எரர் ஒன்றுகூட இல்லை. விற்கிறவர் சிரித்த முகமாக நிற்கிறார். ரெடினெஸ் பக்கத்தைத் திறந்தால், கம்ப்யூட்டர் தானாகச் செய்யும் சோதனைகளில் பெரும்பாலானவை முடியவில்லை என்று காட்டுகிறது. எரரை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அப்படித்தான் காட்டும். மறுபடி முடிய ஊருக்குள்ளும் ஹைவேயிலும் கொஞ்ச நாள் ஓட வேண்டும். "எப்பண்ணே அழிச்சீங்க?" என்று மச்சான் நேராகவே கேட்டுவிட்டான். அவர் முகம் மாறிய வேகத்தில், விலை பேசாமலேயே கிளம்பிவிட்டோம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் எரர் இல்லை என்பதோடு நிறுத்தாமல் அந்தப் பக்கத்தையும் திறந்து பாருங்கள்.