சூப்பர்ஹீரோ காமிக்ஸில் பெண்கள்: சிக்கல் உடையிலா, வரைகிறவரின் பார்வையிலா?

கேள்வி: கோட்டோவியன்

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் பெண் பாத்திரங்களை வரையும் விதம் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் எழுந்த ஒரு வாதத்துக்கு என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆகையால் இங்கே கேட்கிறேன்.

2014-இல் ஸ்பைடர் வுமன் தொடரின் முதல் இதழுக்காக, பாலுணர்வுச் சித்திரக்கதைகளுக்குப் பெயர்பெற்ற இத்தாலிய ஓவியர் மிலோ மனாராவிடம் மார்வெல் நிறுவனம் ஒரு மாற்று அட்டையை (அதே இதழுக்கு வேறு படத்தோடு அச்சிடும் அட்டையை) வரைந்து வாங்கியது. உயரமான கட்டடத்தின் விளிம்பில் ஏறி வரும் நாயகியின் தலையும் தோளும் தாழ்ந்திருக்க, இடுப்பின் பின்புறம் மேலே தூக்கி நிற்கிறது. சிவப்பு உடை துணியாகவே தெரியவில்லை. வெற்றுடம்பின் மேல் பூசிய சாயம் போலத்தான் இருக்கிறது. அந்த அட்டைக்குக் கண்டனம் எழுந்தபோது பலர் சொன்ன மறுமொழியைத்தான் எங்கள் வட்டத்திலும் சிலர் சொல்கிறார்கள். ஸ்பைடர்மேனும் இப்படித்தான் சுவரில் ஊர்ந்து செல்கிறான், அவன் உடையும் உடலோடு ஒட்டியதுதான், சூப்பர்மேனுக்கும் பேட்மேனுக்கும் எந்த மனிதனுக்கும் வாய்க்காத தோள்களை வரைகிறார்கள், ஆகவே இருபாலரையும் மிகைப்படுத்தும் ஒரு கலையில் பெண்ணுக்கு மட்டும் அநீதி நடப்பதாகச் சொல்வது பொருந்தாது என்பது அவர்கள் கட்சி.

இது சரியல்ல என்று என் மனத்துக்குப் படுகிறது. ஆனால் வேறுபாடு துல்லியமாக எங்கே இருக்கிறது? இத்தனை ஆண்டுகளாக இந்த வழக்கம் நிலைத்ததற்குக் காரணம் என்ன? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மைக்கூடு

மிகைப்படுத்தல் இருபாலருக்கும் பொது என்பது உண்மைதான். சூப்பர்ஹீரோவின் உடை பெரும்பாலும் ஆடையில்லாத உடலை வரைந்து, அதன் மேல் சில கோடுகளையும் வண்ணங்களையும் சேர்ப்பதால் உருவாவது. சர்க்கஸ் பயில்வான்களும் கழைக்கூத்தாடிகளும் அணிந்த இறுக்கமான உடையிலிருந்து வந்த மரபு அது. ஆனால் அந்த மிகை எதற்காகப் பயன்படுகிறது என்று பார்த்தால் இரண்டும் வெவ்வேறு திசையில் போகின்றன. பேட்மேனின் தோளைப் பார்க்கும் பையன் அந்தத் தோள் தனக்கு வேண்டுமென்று ஆசைப்படுகிறான். அந்தத் தசை முழுவதும் அவன் செய்யப்போகும் செயலுக்கான வலிமையைக் காட்டுகிறது. நாயகியின் உடலில் மிகைப்படுத்தப்படும் பகுதிகளோ ஓடவும் தாவவும் அடிக்கவும் அவளுக்கு உதவாதவை. அவை அவளைப் பார்க்கிறவனுக்காக வரையப்பட்டவை. திரைப்படத்தைப் பற்றி 1975-இல் லாரா மல்வி எழுதிய கட்டுரையில், ஆண் செயலைச் செய்பவனாகவும் பெண் பார்க்கப்படுபவளாகவும் அமைவதாகச் சொன்னார். காமிக்ஸ் கட்டத்துக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது. ஏனென்றால் இங்கே உடலின் ஒவ்வொரு வளைவையும் ஒரு கை யோசித்துத் தீர்மானித்து வரைகிறது.

ஸ்பைடர்மேன் சுவரில் ஒட்டியிருக்கும் படம் ஒன்றை எடுத்து, உடலின் எடை எங்கே விழுகிறது என்று பாருங்கள். விரல்களிலும் பாதத்திலும் அழுத்தம் இருக்கும், முழங்கால் அடுத்த தாவலுக்காக மடங்கியிருக்கும், தலை போகவேண்டிய திசையை நோக்கியிருக்கும். மனாராவின் அட்டையில் எடை எதன் மீதும் உறுதியாக விழுவதாகத் தோன்றவில்லை. அடுத்த நொடி அவள் என்ன செய்யப்போகிறாள் என்று அந்த உடலைக் கொண்டு ஊகிக்க முடியாது.

இதைவிட மோசமான வழக்கம் ஒன்று இருக்கிறது. மார்பும் பின்புறமும் ஒரே கட்டத்தில் வாசகனுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக முதுகுத்தண்டையே முறுக்கிவிடுவார்கள். அப்படித் திரும்பி நிற்கிற ஒரு மனித உடல் உண்மையில் முறிந்துபோயிருக்கும். சண்டைக் காட்சியின் நடுவிலும் இது வரும். அதுவும் குதிகால் உயர்ந்த காலணியோடு. உடற்கூற்றை நன்றாகக் கற்ற ஓவியர்களே இப்படி வரைகிறார்கள் என்பதால் இதைத் திறமைக் குறைவு என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

2012 டிசம்பரில் இணையத்தில் தொடங்கிய ஹாக்கை இனிஷியேட்டிவ் என்ற முயற்சி இதை எல்லாரும் காணும்படி நிறுவியது. ஓவியர்கள் நாயகியர் நிற்கும் அதே நிலையில், அதே முறுக்கோடு, வில்வீரன் ஹாக்கையை வரைந்து வெளியிட்டார்கள். இரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்த எவருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு மிகைதான் என்று சொல்கிறவர்களிடம் அந்தப் படங்களைக் காட்டுங்கள்.

பதில்: பழைய இதழ்

மைக்கூடு அவர்கள் வரையும் முறையைச் சொல்லிவிட்டதால், வழக்கம் நிலைத்த காரணத்தை மட்டும் நான் எழுதுகிறேன். என் கருத்தில் அது முதன்மையாக விற்பனை முறை சார்ந்த வரலாறு.

1940-களின் இறுதியில் காமிக்ஸ் படித்தவர்களில் சிறுமியரும் இளம்பெண்களும் பெருந்தொகையினர். ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் 1947-இல் தொடங்கிய யங் ரொமான்ஸ் போன்ற காதல் கதை இதழ்கள் அவர்களை நம்பியே விற்றன. 1954-இல் காமிக்ஸ் சிறுவரைக் கெடுக்கிறது என்று வாதிட்ட மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தமின் நூலும் அமெரிக்க செனட் துணைக்குழுவின் விசாரணையும் பதிப்பாளர்களை அச்சுறுத்தவே, அவர்கள் தாங்களாகவே காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை விதிகளை ஏற்படுத்திக்கொண்டார்கள். பெண்களை உடற்கூறுகளை மிகைப்படுத்தாமல் இயல்பாக வரையவேண்டும் என்று அதில் ஒரு விதியே இருந்தது. ஆகவே இந்தக் குறை இன்றைய தலைமுறை கண்டுபிடித்த ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

திருப்பம் 1970-களில் வந்தது. அதுவரை பத்திரிகைக் கடையிலும் மருந்துக்கடை அடுக்கிலும் எந்தக் குழந்தையின் கைக்கும் எட்டிய இதழ்கள், ஃபில் சூலிங் என்பவர் ஏற்படுத்திய நேரடி விநியோக முறையின் வழியாகத் தனிக் காமிக்ஸ் கடைகளுக்குப் போகத் தொடங்கின. கடைக்காரருக்கு விலைத் தள்ளுபடி அதிகம். ஆனால் விற்காத இதழைத் திருப்பித் தர முடியாது. ஆகவே நிச்சயமாக வாங்கக்கூடியவர் யாரோ அவருக்கு ஏற்ற இதழ்களையே அவர் தருவித்தார். அப்படி வாங்கியவர்கள் பெரும்பாலும் சிறுவயது முதல் படித்துவந்த ஆண்கள். பெண்கள் அந்தக் கடைகளுக்கு வரவில்லை, அவர்களுக்கான இதழ்கள் குறைந்தன, இதழ்கள் இல்லாததால் அவர்கள் இன்னும் விலகிப்போனார்கள். பிறகு, பெண்கள் காமிக்ஸ் படிப்பதில்லை என்று பதிப்பாளர்களே காரணம் காட்டினார்கள். தாங்களே அடைத்த வாசலைக் காட்டி யாரும் வரவில்லை என்று சொன்னது எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தருகிறது.

1990-களில் இது உச்சத்தை எட்டியது. ஓவியரின் பெயரே இதழை விற்ற காலம் அது. 1991-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் மார்வெல் தன் பாத்திரங்களுக்கு நீச்சலுடைச் சிறப்பிதழ்களையே வெளியிட்டது. லேடி டெத், விட்ச்பிளேட் போன்ற நாயகியர் கதையைவிட அட்டையாலேயே அறியப்பட்டார்கள். ஓவியர்கள் தங்கள் மூலப் பக்கங்களைச் சேகரிப்பாளர்களுக்கு விற்கும் வழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். கவர்ச்சியான அட்டைக்கும் முழுப்பக்கப் படத்துக்கும் கூடுதல் விலை கிடைக்கும்போது, கதை கேட்காத இடத்திலும் அத்தகைய படம் முளைக்கத்தான் செய்யும். மனாராவின் மாற்று அட்டையும் சேகரிப்பாளர்களுக்காகவே அச்சிடப்பட்ட வகையைச் சேர்ந்தது.

பதில்: ஆழிமகள்

மேலே உள்ள இரு பதில்களோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் இந்த உரையாடல் எப்போதும் உடையின் நீளத்தை அளப்பதில் போய் முடிகிறது என்ற கவலை எனக்கு உண்டு. பெண்ணுடல் தெரிவதே குற்றம் என்ற இடத்துக்கு நாம் போய்விடக்கூடாது. காமிக்ஸ் கோட் உடலை மூடச்செய்தது உண்மை; அதனால் நாயகியருக்கு மதிப்பு கூடிவிடவில்லை. அந்த ஆண்டுகளில் சூப்பர்மேனின் காதலியான செய்தியாளர் லோயிஸ் லேன் தன் சொந்தப் பெயரிலேயே வந்த தொடரில் சூப்பர்மேனை மணப்பதற்கு வழி தேடிக்கொண்டிருந்தாள்.

வொண்டர் வுமனையே எடுத்துக்கொள்வோம். உளவியலாளர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் 1941-இல் அவளைப் படைத்தபோது, பெண்கள் உலகை ஆளத் தகுந்தவர்கள் என்று உண்மையாகவே நம்பினார். அவருடைய கதைகளில் அவள் மீண்டும் மீண்டும் சங்கிலியால் கட்டப்படுகிறாள், மீண்டும் மீண்டும் அதை அறுத்தெறிகிறாள். அதில் பாலுணர்வு கலந்திருந்தது என்பதில் ஐயமில்லை. பதிப்பகத்தின் ஆலோசனைக் குழுவிலேயே அப்போது அதற்கு எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் அந்தக் கதைகளில் தீர்மானிப்பவள் அவளே. 2016 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவை அவளைப் பெண்கள், சிறுமியர் உரிமைக்கான கௌரவத் தூதராக அறிவித்தது. அவளுடைய உடலமைப்பையும் உடையையும் சுட்டிக்காட்டி ஏறத்தாழ 45,000 பேர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். டிசம்பரிலேயே அந்தப் பொறுப்பு முடிவுக்கு வந்தது. மனுவில் கையெழுத்திட்டவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. அவ்வளவு பெரிய பொறுப்புக்கு உயிருள்ள ஒரு பெண்ணைத் தேடியிருக்கவேண்டும். ஆனால் அந்தப் பாத்திரத்தை உடையோடு மட்டும் சேர்த்து எடைபோட்டது எனக்கு வருத்தம் தந்தது.

நான் சொல்லவருவதற்கு, டீன் டைட்டன்ஸ் என்ற இளம் வீரர் குழுவின் நாயகி ஸ்டார்ஃபயரைவிடப் பொருத்தமான சான்று கிடையாது. 1980-இல் மார்வ் உல்ஃப்மனும் ஜார்ஜ் பெரெஸும் உருவாக்கிய நாளிலிருந்தே அவள் உடை மிகக் குறைவானது. ஆனாலும் அவளுக்கு வேகமான கோபமும் பெருங்காதலும் நண்பர்கள் மீது தீராத பற்றும் இருந்தன. 2011-இல் டிசி நிறுவனம் தன் தொடர்கள் அனைத்தையும் புதிதாகத் தொடங்கியபோது, ரெட் ஹுட் அண்ட் தி அவுட்லாஸ் முதல் இதழில் அவளுக்கு அந்தப் பழைய நண்பர்கள் நினைவில்கூட இல்லை. நீச்சலுடையில் கடற்கரையில் தோன்றுகிறாள், அறிமுகமானவனிடம் பற்றில்லாமல் உடலுறவுக்கு முன்வருகிறாள், அவ்வளவுதான். பெண்ணின் சுதந்திரமான பாலுணர்வு என்று இதற்கு வாதாடினார்கள். தொலைக்காட்சியில் டீன் டைட்டன்ஸ் பார்த்து ஸ்டார்ஃபயரை நேசித்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் அவள் தாய் இந்த இதழைக் காட்டிக் கருத்துக் கேட்டு எழுதியது அப்போது பரவலாகப் படிக்கப்பட்டது. இவள் யாரோடும் சண்டை போடவில்லை, யாரோடும் சரியாகப் பேசவும் இல்லை, சும்மா நின்று காட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதே அந்தக் குழந்தை சொன்னதன் சாரம். மனம் என்ற ஒன்றைப் பிடுங்கிவிட்டு உடலை மட்டும் விட்டுவைத்தால், அதன் பிறகு அவளுடைய விருப்பம் என்று எதைச் சொல்வது?

கேள்வி கேட்டவர்: கோட்டோவியன்

மூவருக்கும் மிக்க நன்றி. ஆழிமகள் அவர்கள் சொன்னதிலிருந்து ஒன்று கேட்கத் தோன்றுகிறது. படம் வரையும் முறையைத் திருத்திவிட்டாலும், கதையே அந்தப் பெண்ணைப் பொருளாக நடத்தினால் என்ன பயன்? இரண்டும் சேர்ந்தே மாறிய எடுத்துக்காட்டு உண்டா?

பதில்: நெய்தல்வாசி

உண்டு. மார்வெல் நாயகி கேரல் டான்வர்ஸின் வரலாறு முழுவதும் அதுதான். அவள் அமெரிக்க விமானப்படை அதிகாரி. ஆனால் 1978 முதல் மிஸ் மார்வெல் என்ற பெயரில் அவள் அணிந்தது கால்களை மறைக்காத கருப்பு நீச்சலுடை, தொடைவரை நீண்ட காலணி, இடுப்பில் ஒரு சிவப்புத் துணி. அவள் சேர்ந்திருந்த சூப்பர்ஹீரோ குழுவின் தொடரான அவெஞ்சர்ஸில், 1980-இல் வெளியான 200-ஆம் இதழில் அவள் காரணம் அறியாமல் கருவுற்று, மிக விரைவிலேயே பிள்ளை பெறுகிறாள். அந்தப் பிள்ளை அதிவேகமாக வளர்ந்து மார்கஸ் என்ற ஆணாகி, வேறொரு உலகில் கருவிகளின் துணையோடு அவள் மனத்தை வசப்படுத்திக் கருவுறச் செய்தவன் தானே என்று அறிவிக்கிறான். அவள் அவனோடு புறப்பட்டுப் போகிறாள். தோழர்கள் அதைக் காதல் என்று ஏற்று விடைகொடுக்கிறார்கள். இது வன்புணர்ச்சி என்று கேரல் ஸ்ட்ரிக்லண்ட் என்ற வாசகி உடனே கட்டுரை எழுதினார். எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மாண்ட் 1981-இல் எழுதிய ஆண்டுமலரில், திரும்பிவந்த கேரல் தன் தோழர்களை நேருக்குநேர் நிறுத்தி, நீங்கள் யாருமே எனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கவில்லையே என்கிற பொருளில் பேசுகிறாள். அந்தப் பக்கங்களைப் படிக்காதவர்கள் தேடிப் படிக்கவேண்டும்.

இது தனி நிகழ்வல்ல. 1988-இல் தி கில்லிங் ஜோக் என்ற பேட்மேன் கதையில், பேட்கேர்ளாக இருந்த பார்பரா கார்டன் சுடப்பட்டு, ஆடை களையப்பட்டுப் படம் எடுக்கப்படுவது அவள் தந்தையை வதைப்பதற்காக. 1994-இல் கிரீன் லான்டர்னின் காதலி கொல்லப்பட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் திணிக்கப்படுவது அவனைக் கோபப்படுத்துவதற்காக. இப்படிச் சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களை 1999-இல் கெயில் சிமோன் இணையத்தில் பட்டியலிட்டார். பின்னாளில் அவரே வொண்டர் வுமன், பேட்கேர்ள் தொடர்களை எழுதினார்.

மாற்றம் 2012-இல் தெளிவாகத் தெரிந்தது. கெல்லி சூ டிகானிக் எழுதத் தொடங்கிய தொடரில் கேரல், கேப்டன் மார்வெல் ஆனாள். ஜேமி மக்கெல்வி வடிவமைத்த புதிய உடை உடல் முழுவதையும் மூடுகிறது. ஆனால் மூடுகிறது என்பதற்காக அல்ல, ஒரு விமானி அணியக்கூடியதாக இருக்கிறது என்பதற்காகவே அது எனக்குப் பிடித்தது. 2014-இல் மிஸ் மார்வெல் என்ற பெயரை ஏற்ற கமலா கான், ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பதினாறு வயதுப் பெண். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், பதிப்பாசிரியர் சனா அமனத். உருமாறும் ஆற்றல் வாய்த்ததும் கமலா முதலில் பொன்னிறக் கூந்தலோடு பழைய கேரலாக, அதே கருப்பு நீச்சலுடையில் மாறிவிடுகிறாள். உடை இடுக்கில் ஏறிக்கொள்கிறது என்று தவிக்கிறாள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆயிரக்கணக்கான பக்கங்களில் வரையப்பட்ட அந்த உடையை அணிந்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்த இதழ் கேட்கிறது. அத்தொடரின் முதல் தொகுப்புக்கு 2015-இல் அறிவியல் புனைவு, மிகைபுனைவுக்கான ஹியூகோ விருது கிடைத்தது.

நீங்கள் தொடங்கிய ஸ்பைடர் வுமனுக்கும் இதே தொடர்ச்சி உண்டு. 2015-இல் கிறிஸ் ஆன்கா அவளுக்குத் தோல் மேலங்கியும் கண்ணாடியும் கொண்ட புதிய உடையை வரைந்தார். அந்த ஆண்டின் இறுதியில் டென்னிஸ் ஹோப்லெஸ் எழுத, ஹாவியர் ரொட்ரிகெஸ் வரைந்து மீண்டும் தொடங்கிய இதழ்களில் அவள் நிறைமாதக் கர்ப்பிணி. பிள்ளை வேண்டும் என்று தானே முடிவெடுத்தவள். தந்தை யார் என்று யாருக்கும் சொல்லவேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. பெரிய வயிற்றோடு அவள் ஓடும்போதும், படியேறும்போதும், மூச்சுவாங்கி நிற்கும்போதும் உடலின் எடை எங்கே விழுகிறது என்று ரொட்ரிகெஸ் ஒவ்வொரு கட்டத்திலும் கணக்கிட்டு வரைந்திருக்கிறார். உங்கள் வட்டத்தில் மனாராவின் அட்டையோடு இந்தப் பக்கங்களையும் சேர்த்து வைத்துப் பேசிப்பாருங்கள்.